செவிலியர் எலெக்டினாவின் தட்டில் வைத்த கோழி இரைப்பை

அனுப்புநர்
ரிஸ்பா நமலுவா,
கணவர் பெயர் குசிம்பா முலோங்கோ,
செயலாளர், தேவாலயப் பெண்கள் சங்கம்,
சிபுக்கே கிராமம், புங்கோமா மாவட்டம், கென்யா.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு,
சிபேமே பல்கலைக்கழகம்.

பொருள்: அரிவாள் செல் நோய் மருந்து ஆய்வு – செவிலியர் எலெக்டினா நலியாகா அவர்களைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தது – காரணமாகக் காட்டப்பட்ட கோழிகள் எங்களுடையவை – அவரைத் திரும்ப அனுப்பி வைக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: மருந்து நிறுவனத்தின் கண்காணிப்பாளர் திரு. முரீதி அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, உண்டு, சென்றபின் அளித்த அறிக்கை.

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். பாலம் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்று இல்லாததையே எழுதி எழுதி என் கை பழகிவிட்டது. கிடைத்ததற்கு நன்றி சொல்ல ஒரு மனுவுடன் உட்கார்வது இதுவே முதல் தடவை. எனவே பழக்கதோஷத்தில் எங்காவது என் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். இது புகார் மனுதான். ஆனால் தங்கள்மேல் கோபம் கொண்டு எழுதும் புகார் அல்ல. நன்றி சொல்லப் போன இடத்தில் அந்த நன்றியையே குற்றமாக்கிவிட்டார்களே என்ற புகார்.

1. என் மகன் மகோகா, வயது ஒன்பது, தங்கள் பல்கலைக்கழகமும் வெளிநாட்டு மருந்து நிறுவனம் ஒன்றும் சேர்ந்து நடத்தும் மேற்படி ஆய்வில் இருக்கிறான். மகோகா என்றால் குப்பைமேடு. முன்பிறந்தவை தங்காத வீட்டில், சாவு இதையாவது சீந்தாமல் போகட்டும் என்று இப்படிப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். அவனுக்கு முன்னால் நசிகே, நெகோயே என்று எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். கை கால் விரல்கள் வீங்கும், கண் மஞ்சளாகும், எலும்புக்குள் யாரோ உலக்கை போட்டு இடிப்பதுபோல் அழுவார்கள். இருவரும் இப்போது எங்கள் வாழைத்தோப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார்கள்.

அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டென்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆகவே ஊர் அதற்கு என் பெயரை வைத்தது. என் மாமனார் திரு. முலோங்கோ அவர்கள், சபையில் எழுந்தால் நாலு பேர் அமைதியாகும் மனிதர், "நல்ல ரத்தம் ஓடுற வீட்டுல கெட்ட ரத்தத்தைக் கொண்டாந்து கலந்துட்டா" என்று சந்தையில் வைத்தே சொன்னார். நான் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தேன். காது கேளாதவள்போல் வாங்கி முடித்து வீடு வந்தேன். இதை அவர்மேல் குறை சொல்ல எழுதவில்லை. பின்னால் வரும் விஷயம் தங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

2. செவிலியர் எலெக்டினா அவர்கள் முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு நல்ல வரவேற்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. பிள்ளைகளின் இரத்தத்தை வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறார்கள் என்ற பேச்சு அவருடைய வண்டிக்கு முன்பே ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது. அவரோ எதையும் மூடி மறைக்கவில்லை. ஆய்வின் முதல் பகுதியில் பாதிப் பிள்ளைகளுக்கு மருந்தும் பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் மாவு மாத்திரையும் போகும். எது யாருக்கு என்று தனக்கே தெரியாது என்றார். என் மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தே விட்டார்.

"குடுக்கிறவளுக்கே தெரியாத மருந்தா? அம்மாடி, நீ நர்ஸா, சூதாடியா?"

"ரெண்டுந்தான் தாத்தா. ஆனா இந்த ஆட்டத்துல எனக்கும் சீட்டைக் காட்ட மாட்டாங்க" என்றார் அவர். மாமனார் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அதுவே பெரிய விஷயம்.

முதல் பகுதி முடிந்து, மருந்து வேலை செய்கிறதென்று தெரிந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் அசல் மருந்தே தரத் தொடங்கியபிறகு நடந்ததைத் தங்கள் குழு காகிதத்தில் படித்திருக்கும். நான் கண்ணால் கண்டேன். வலி வந்தால் என் பாவாடையைப் பற்களால் கடித்துக்கொள்ளும் பிள்ளை, இப்போது அடுத்த வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறி உதை வாங்கி வருகிறான். ஐயா, அவன் உதை வாங்கி வந்த முதல் நாள் நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். அடித்த வீட்டுக்காரிக்கு ஒரு தட்டு வாழைப்பழம் கொடுத்தனுப்பினேன். அவள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று இன்றுவரை நம்புகிறாள்.

இதற்காகத் தங்கள் பல்கலைக்கழகத்துக்கும், பெயர் வாயில் நுழையாத அந்த நிறுவனத்துக்கும் என் குடும்பம் தலைவணங்குகிறது. மருந்து அவர்களுடையது. படிப்பு உங்களுடையது. இரத்தம் எங்கள் பிள்ளைகளுடையது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் மகோகா மரமேறியிருக்க மாட்டான். பெரிய கம்பெனியும் பெரிய பள்ளிக்கூடமும் சேர்ந்தால் ஏழைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டவள்தான். இப்போது கேட்பதில்லை.

3. மருந்தைவிடப் பெரிய ஒன்றையும் செவிலியர் எங்கள் வீட்டில் செய்தார். ஆய்வுக்காகக் குடும்பத்தார் எல்லோருடைய இரத்தத்தையும் பார்த்தார்கள். முடிவு வந்ததும், வீட்டாரை ஒன்றாக வைத்துச் சொல்லலாமா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேட்டுக்கொண்டு, பாயை விரிக்கச் சொன்னார். என் பானையிலிருந்தே கறுப்பு அவரையும் வெள்ளை அவரையும் எடுத்து, அப்பன் பக்கம் ஒரு கறுப்பு ஒரு வெள்ளை, ஆத்தாள் பக்கம் ஒரு கறுப்பு ஒரு வெள்ளை என்று வைத்தார். பிள்ளைக்கு இருவரும் ஆளுக்கு ஒரு விதை கொடுப்பார்கள். இரண்டும் கறுப்பாக விழுந்தால்தான் இந்த நோய். ஒரு கறுப்பு மட்டும் உள்ளவர் நோயில்லாமலே நூறு வயது வாழலாம் என்றார்.

பிறகு என் மாமனாரையே கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று எடுக்கச் சொன்னார். அவர் எடுத்துக் கையை விரித்தார். இரண்டும் கறுப்பு.

"யாரு தப்பு தாத்தா இது?" என்று கேட்டார் செவிலியர்.

அவர் உள்ளங்கையில் விதைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க ரத்தத்துலயும் ஒரு கறுப்பு இருக்கு. அதுதான் உங்க மகனுக்குப் போயி, அவரு வழியா பேரனுக்கு வந்துச்சு. மகோகாம்மா குடுத்தது ஒண்ணுதான். ஒத்தைக் கை தட்டி ஓசை வராது தாத்தா."

மாமனார் அந்த இரண்டு விதைகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். எங்கள் வழக்கத்தில் மாமனார் மருமகளோடு நேருக்கு நேர் நின்று பேசுவதும் இல்லை; கை குலுக்குவதும் இல்லை. என் கணவர் மட்டும் அன்று மாலை, யாரும் கேட்காமலே, எனக்குத் தண்ணீர் சுமந்து வந்து கொடுத்தார்.

4. இனி மேற்படி சம்பவம். சென்ற மாதம் நிறுவனத்தின் சார்பில் திரு. முரீதி அவர்கள், செவிலியர் வீடுகளில் எப்படிப் பணி செய்கிறார் என்று பார்ப்பதற்காக நைரோபியிலிருந்து வந்தார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சேவல் அறுப்போம். அது எங்களுக்கு விருந்தோம்பல்கூட அல்ல, மூச்சு விடுவது மாதிரி. திரு. முரீதி அவர்களும் அதை அறிந்தவர்தான். வாசலில் இறகு பறப்பதைப் பார்த்துவிட்டு, "புங்கோமாப் பக்கம் கோழிக்கு ஆயுசு கெட்டின்னு யாரும் சொன்னதில்ல. உண்மைதான் போல" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். களியும் கீரையும் கோழிக் குழம்பும் வைத்தேன். அவர் இரண்டு இறக்கைகளையும் ஒரு தொடையையும் உண்டு, குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல பசி நல்ல மனிதருக்கு அடையாளம். ஆனால் அறிக்கையில் அவருடைய தொடை விடுபட்டுப்போயிருக்கிறது என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

அறிக்கையில் உள்ளது இரைப்பை. கோழியின் வயிற்றுக்குள் உருண்டையாய்க் கெட்டியாய் இருக்கும் அந்தத் துண்டு, எங்கள் வீடுகளில் குடும்பத் தலைவருக்கே உரியது. என் மாமியார் காலத்தில் பெண்கள் கோழியே தின்னக் கூடாது. இப்போது தின்கிறோம், ஆனால் இரைப்பை கேட்கிற பெண் இன்னும் பிறக்கவில்லை. அன்று என் மாமனார் தம் தட்டில் வைத்த இரைப்பையை எடுத்துச் செவிலியரின் தட்டில் வைத்தார். செவிலியர் இந்த மண்ணில் பிறந்தவர். அதன் பொருளும் தெரியும். மறுத்தால் வீட்டுக்குக் கேடு நினைத்ததாகும் என்பதும் தெரியும்.

"தாத்தா, வேணாம். என் வேலைக்கே உலை வெச்சுருவீங்க."

"உலை வெக்கிறது பொம்பளைங்க வேலை. நீ தின்னு."

அப்போது திரு. முரீதி அவர்கள் தொலைபேசிக்குச் சிக்னல் தேடி அவகாடோ மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது செவிலியர் வாயில் இரைப்பை இருந்தது. அவர் கண்டது அவ்வளவுதான். "ஆய்வில் பங்கேற்கும் குடும்பத்திடமிருந்து ஊழியர் தனிச்சலுகை பெற்றார்" என்று எழுதிவிட்டார்.

5. இரண்டாவது குற்றச்சாட்டான உயிருள்ள பெட்டைக் கோழிக்கும் செவிலியருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விருந்தாளி வெறுங்கையோடு போனால் வீட்டுக்கு அழகில்லை. நான் கோழியை நீட்டினேன். செவிலியர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆகவே அவர் அறியாமல், காலைக் கட்டி வண்டியின் பின்இருக்கைக்கு அடியில் நான்தான் வைத்தேன். வழியில் அது கட்டை அவிழ்த்துக்கொண்டு, இரத்தக் குப்பிகள் இருந்த குளிர்பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து முட்டையும் இட்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன். அறிக்கை அதை "அனுமதியற்ற உயிர்ப்பொருள்" என்கிறது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் நல்ல சகுனம்.

கோழி மறுநாளே மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்துவிட்டது. கொடுத்த கோழி திரும்பி வந்த வீடு எங்கள் வட்டாரத்தில் இதற்குமுன் இல்லை. அதைக் கையில் வாங்கியபோது எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. முட்டை திரும்பி வரவில்லை. அது யார் வயிற்றுக்குப் போனது என்று நான் விசாரிக்கவும் இல்லை.

6. அதன்பின் செவிலியர் வரவில்லை. விசாரணை முடியும்வரை அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். இரத்தம் பார்க்காமல் அடுத்த மருந்து தரக் கூடாதாம். இரத்தம் பார்க்கப் பயிற்சி பெற்றவர் எங்கள் பக்கத்துக்கு அவர் ஒருவரே. ஆகவே புதிதாக மருந்து வருவதும் நின்றுவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்காத கதையாகிவிட்டது. மகோகாவின் குப்பியில் இம்மாதக் கடைசிவரைதான் மாத்திரை இருக்கிறது. காலையில் அதைத் திறக்கும்போது அவன் உள்ளே எட்டிப் பார்க்கிறான். "கோழி முட்டை போட்டதுக்கு சிஸ்டரைத் திட்டுவாங்களாம்மா?" என்று கேட்கிறான். நான் தண்ணீரை நீட்டுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இரண்டு பேரை வாழைத்தோப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பியவளுக்கு வரும் பயம்.

ஊழியர் யாரும் யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது என்ற விதி ஏன் இருக்கிறதென்று நான் அறியாதவள் அல்ல. கோழி கொடுப்பவள் பிள்ளைக்கு முதல் மருந்து, கொடுக்க வக்கில்லாதவள் பிள்ளைக்குக் கடைசி மருந்து என்று ஆகிவிடக் கூடாதே என்பதற்காகத்தான். அது எங்களைக் காக்க வந்த விதி. அதை எழுதியவருக்கும் என் நன்றி. ஆனால் வேலி பயிரைக் காக்கத்தானே ஒழிய, மிதிக்க அல்ல.

7. இதுவரை எழுதியதோடு நிறுத்திவிடத்தான் நினைத்தேன். மீதி எங்கள் வீட்டு விஷயம். வீட்டு விஷயத்தை அலுவலகத்துக்கு அனுப்புவது மருமகளுக்கு அழகல்ல. ஆனால் ஒரு பெண்ணின் பிழைப்பும் என் பிள்ளையின் மருந்தும் அதில் மாட்டிக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

அன்று என் மாமனார் அந்த இரைப்பையைச் செவிலியரின் தட்டில் வைக்கும்போது, குரலைத் தாழ்த்தி வேறொன்றும் சொன்னார். நான் அடுப்பு மறைவில் நின்று கேட்டேன்.

"இந்த வீட்டுல ஒருத்தி மேல நான் வீண்பழி போட்டுட்டேன். அவ தட்டுல நான் கை வெக்க முடியாது, வழக்கம் இல்ல. நீதான் வெளியாளு. இது எங்க சேரணும்னு உனக்குத் தெரியும். சேத்துடு."

செவிலியர் இரைப்பையைப் பிய்த்து ஒரு சிறு துண்டை மட்டும், பெரியவர் கொடுத்ததை மறுத்ததாகிவிடக் கூடாதே என்று, தம் வாயில் போட்டுக்கொண்டார். மீதியை எடுத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்கு வந்து என் கையில் வைத்தார். நான் நின்றுகொண்டே தின்றேன். உப்பு சரியாக இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கண்ணில் இருந்தது எல்லாம் வாயில்தான் விழுந்துகொண்டிருந்தது.

ஆகவே, ஐயா, அது செவிலியருக்குக் கொடுத்த சலுகை அல்ல. என் மாமனார் என்னிடம் கேட்ட மன்னிப்பு. அதைக் கொண்டு வந்து சேர்த்தவர் மட்டுமே அவர். சேர்த்தவருக்குத் தண்டனை என்றால், பெரும்பங்கைத் தின்றவள் நான். என்னை விசாரியுங்கள். எந்த நாளில் கூப்பிட்டாலும் வருகிறேன்.

8. எனவே கருணை கூர்ந்து,

செவிலியர் எலெக்டினா நலியாகா அவர்களை எங்கள் மருந்து தீருமுன் எங்களிடம் திரும்ப அனுப்பி வைக்கும்படியும், அவர் பெயரில் எந்தக் கறையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும்படியும் வேண்டுகிறேன். அதுவே என் முதல் கோரிக்கையும் முக்கியக் கோரிக்கையும்.

அடுத்து, தாங்களும் அந்த நிறுவனமும் மீண்டும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட உட்காரும்போது, எங்களில் ஒருவரையும் ஓரத்தில் உட்காரவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பிழைத்த வீடு அதற்கு நன்றியை எப்படிச் சொல்லலாம் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். கோழி கூடாதென்றால் கூடாது. பாட்டுப் பாடலாமா, பிறக்கும் பிள்ளைக்கு அவர்கள் பெயரைச் சூட்டலாமா, வாசலில் ஒரு மரம் நடலாமா என்று சொல்லுங்கள், அப்படியே செய்கிறோம். ஒன்றுமே செய்யாமல் சும்மா இருங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது எங்களால் ஆகாது.

திரு. முரீதி அவர்கள்மேல் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் தம் வேலையைச் செய்தார். அடுத்த முறை வந்தால் இன்னொரு தொடை உண்டு என்று தெரிவிக்கவும். திரும்பி வந்த பெட்டை இப்போது அடைகாக்கிறது. மகோகா அதன் பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

இந்த மனுவை அனுப்புமுன் வழக்கப்படி வீட்டுத் தலைவரின் சம்மதத்துக்காக என் கணவர் வழியாக மாமனாருக்குப் படித்துக் காட்டினோம். ஏழாம் பத்தியை அடித்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிவிட்டு, கீழே தமக்கும் கொஞ்சம் இடம் விடச் சொன்னார். அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே எழுதியிருக்கிறேன்.

தங்கள் பதிலுக்கும், அதைவிட அந்த வண்டியின் சத்தத்துக்கும் காத்திருக்கும்,

ரிஸ்பா நமலுவா
(ஒப்பம்)

இடம்: சிபுக்கே
நாள்: 14 ஆகஸ்ட் 2023

சாட்சி: முலோங்கோ, வீட்டுத் தலைவர். இடது பெருவிரல் ரேகை.

"தலைவரே, இரைப்பையைக் குடுத்தவன் நான். மருமவ எழுதினது அத்தனையும் நெசம். அந்த நர்ஸுப் பொண்ணை அனுப்பி வையுங்க. பேத்திங்க நசிகேயும் நெகோயேயும் செத்ததுக்கு என் மருமவ காரணமில்ல. இதை நான் சந்தையில சொல்லியிருக்கணும்; சொல்ல வாய் வரல, அதனால உங்ககிட்டச் சொல்றேன். அந்த ரெண்டு கறுப்பு விதையும் இன்னும் என் சட்டைப் பையிலதான் இருக்கு. அதுல ஒண்ணு என்னோடது."